கரிசல் புழுதியும் வீட்டுச் சாமானும்: துப்பாக்கி துடைக்கும் முறை

அத்தியாயம் 7

ஆடிக்காற்று கிளம்பிவிட்டால் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் மூடிவைத்த சோற்றுப் பானையில்கூட மண் நறநறக்கும். பூட்டிய பீரோவுக்குள் உறை போட்டு வைத்த துப்பாக்கிக்குள்ளும் அந்த மண் போகும். கரிசல் காய்ந்தால் மாவாகிவிடும். கரிமூட்டம் போடும் ஊர்களில் அதோடு கருவேலங்கரித் தூளும் சேரும். அருப்புக்கோட்டையில் தறிக்கூடத்துக்குப் பக்கத்து வீடென்றால் பஞ்சுத்தூசி வேறு. இந்த மூன்றும் எண்ணெயோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் துப்பாக்கிக்கு எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்க்க மாட்டார்கள்.

துப்பாக்கியோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் மழையும் பனியும் உள்ள நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே முதல் எதிரி துரு. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களைத் தவிர, முதல் எதிரி புழுதி, அடுத்தது வியர்வை. அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் எண்ணெயைக் குறைத்துக்கொண்டு துடைப்பைக் கூட்டச் சொல்கிறேன். அதற்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. கடையில் விற்கும் துப்பாக்கித் துடைப்புப் பெட்டி கிடைத்தால் நல்லது. கிடைக்காதவர்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு வேலை இருக்கிறது. அதை முடிக்காமல் எந்தத் துணியையும் கையில் எடுக்காதீர்கள். துப்பாக்கி காலியா என்று பார்க்க வேண்டும். கைத்துப்பாக்கியானால் தோட்டாப் பெட்டியைக் கழற்றுங்கள். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து நிறுத்தி, குழலின் அடிவாயைக் கண்ணால் பாருங்கள். பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். பெட்டியைக் கழற்றிய பிறகும் குழலில் ஒரு தோட்டா நிற்கும் என்பதை மறந்தவர்களால்தான் துடைக்கும்போது விபத்து நடக்கிறது. கிளாக் வகைத் துப்பாக்கியில் இது இன்னும் முக்கியம். அதைப் பிரிப்பதற்கே விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து, இரண்டாம் முறையும் பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

வாய்வழியாக மருந்தைக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியில் எட்டிப் பார்க்க வழியில்லை. அதற்கு என் பெரியப்பா வைத்திருந்த வழி எளிது. குழல் காலியாக இருக்கும்போது சலாகையை அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார். மருந்தும் ரவையும் உள்ளே இருந்தால் அந்தக் கீறல் நாலைந்து விரற்கடை மேலே நிற்கும். துப்பாக்கியை எடுக்கும்போதெல்லாம், அது நேற்றுத் துடைத்ததாகவே இருந்தாலும், சலாகையை விட்டுக் கீறலைப் பார்ப்பார். உங்கள் சலாகையில் கீறல் இல்லையென்றால், காலி என்று உறுதியாகத் தெரிந்த ஒரு நாளில் இன்றே போட்டுவிடுங்கள்.

இனி சாமான்கள். துணியில் தொடங்குகிறேன், ஏனென்றால் நெசவு ஊரில் இருந்துகொண்டே பலர் தப்பான துணியை எடுக்கிறார்கள். தறியிலிருந்து அறுத்த புதுத்துணியும், கழிவாக வரும் பாவு நூலும் ஆகாது. பாவுக்குப் போட்ட கஞ்சி அதில் அப்படியே இருக்கும். தேய்க்கும்போது அந்தக் கஞ்சி உதிர்ந்து, எண்ணெயோடு சேர்ந்து குழலில் ஒட்டும். மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும். நூறு தடவை வெளுத்துத் தேய்ந்த பழைய வேட்டிதான் சரி. அதில் கஞ்சியும் இல்லை, உதிரும் பஞ்சும் இல்லை. ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய சதுரங்களாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். படையில் இதைச் சிந்தி என்போம். வெள்ளைச் சிந்தி கறுப்பாக வரும்வரை ஒன்று மாற்றி ஒன்று விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மூலை முடுக்குக்கு ஈர்க்குச்சி. விளக்குமாற்றிலிருந்து ஒன்றை உருவி, நுனியைச் சாய்வாகச் சீவி, வேட்டித் துண்டைச் சுற்றினால் எந்த இடுக்குக்கும் போகும். ஊசி, கோணூசி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் இரும்பில் கீறல் போடும், பிளாஸ்டிக்கைத் தோண்டிவிடும். ஈர்க்குச்சி இரண்டையும் ஒன்றும் செய்யாது. அழுத்தினால் அதுதான் வளையும். உள்ளே ஒடிந்து சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். பல் தேய்த்துப் போட்ட பழைய பிரஷ் ஒன்று, எண்ணெய் தொட்டு வைக்கக் கோழி இறகு ஒன்று. இறகில் ஒரு துளிக்கு மேல் நிற்காது என்பதே அதன் நன்மை. பழைய ஆட்கள் பூட்டுக்கும் துப்பாக்கிக்கும் இறகால்தான் எண்ணெய் தொட்டார்கள்.

ஊதுவதற்குச் சைக்கிள் பம்பு. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் ஊதிக்கொண்டு வருகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். அந்தக் காற்றில் தண்ணீர் வரும், அது ஒன்று. அதைவிடப் பெரியது சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். கழற்றிய குழலை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தாலும் கொடுத்ததுதான். நகைக்கடையிலும் மூக்குக் கண்ணாடிக் கடையிலும் அதிர்வால் அழுக்கெடுக்கும் ஒரு சின்னத் தொட்டி வைத்திருப்பார்கள். துப்பாக்கிப் பாகங்களை அது அருமையாகச் சுத்தம் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் உரிமம் இல்லாத கடைக்காரரிடம் அதைக் கொடுத்துவிட்டு வெளியே டீ குடிக்கப் போக முடியாது. தோட்டாவின் ஈயமும் அந்தத் தண்ணீரில் இறங்கும். அடுத்து அதே தண்ணீரில் யாரோ ஒரு குழந்தையின் கம்மல் மூழ்கும். வேண்டாம்.

எண்ணெய்க்கு வருகிறேன். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் போதும். மெல்லியது, பிசுக்கேறாது, எல்லாக் கடையிலும் கிடைக்கும். சமையலறை எண்ணெய் எதுவும் துப்பாக்கிக்குள் போகக் கூடாது. நல்லெண்ணெய் நாளாக நாளாகக் காற்றில் இறுகிப் பிசினாகும். விளக்கெண்ணெய் தொடக்கத்திலேயே தடிப்பு. தேங்காயெண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அதில் மாட்டியிருக்கிறேன்.

மக்காச்சோளக் காட்டில் பன்றி இறங்கிய ஒரு மார்கழி. சித்தப்பாவிடம் இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி இருந்தது. வெடிச்சத்தம் போட்டு விரட்டத்தான் எடுத்துப்போவார். நான் விடுப்பில் வந்திருந்தேன். மெஷின் எண்ணெய் தீர்ந்துபோனதால் பூட்டுப் பாகத்தில் தேங்காயெண்ணெயை விட்டுக் கொடுத்தேன். பகலில் நன்றாக வேலை செய்தது. விடியற்காலம் வானத்தைப் பார்த்து விசையை இழுத்தார். டொக்கென்று ஒரு மெத்தையான சத்தம் வந்தது, வெடிக்கவில்லை. தோட்டாவின் கேப்பில் ஊசி பட்ட பள்ளம் நகம் பட்டது போல லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால், ஊசி ஓடும் துளையில் வெள்ளை வெளேரென்று எண்ணெய் உறைந்து கிடந்தது. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழி விடியலில் கரிசல் காடு அந்தக் குளிருக்கு இறங்கும். “வெயில் ஊருன்னு நெனச்சுப்புட்டியேப்பா” என்றார் சித்தப்பா. அன்றிலிருந்து அந்தத் துளையில் எந்த எண்ணெயும் விடுவதில்லை. உலர்ந்திருப்பதுதான் அதற்கு நல்லது.

பன்றியைச் சொன்னதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பயிர்க்காவலுக்கென்று கெட்டிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் இடம் உண்டு. அதை வைத்துக் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று பொருளில்லை. அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விலங்கு.

அந்தக் கெட்டிக்கிற துப்பாக்கியின் குழலைத் துடைக்கும் முறை மற்றக் குழல்கள் எல்லாவற்றுக்கும் நேர் எதிரானது. அதற்குத் தண்ணீர் வேண்டும். இரும்பில் தண்ணீரா என்று பலரும் பதறி மண்ணெண்ணெயை ஊற்றுவார்கள். குழல் கெடுவதே அதனால்தான். கரிமருந்து என்பது வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்தது. எரிந்தபின் அது விட்டுப்போகும் கசடில் பெரும்பகுதி உப்பு வகை. உப்பு தண்ணீரில் கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் மேலே பளபளப்பு வரும். அடியில் இருக்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரவோடு இரவாக இரும்பைத் தின்னத் தொடங்கும்.

சுட்ட அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. குழலைக் கட்டையிலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். ஒரு வாளியில் நன்றாகக் கொதித்த தண்ணீர், அதில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. கேப்பு மாட்டும் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி குழலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கை சுடும், தடித்த துணியால் பிடியுங்கள். சலாகை நுனியில் ஈரச் சிந்தியை இறுகக் கட்டி மேலும் கீழும் இழுத்தால், சைக்கிள் பம்பு போலத் தண்ணீர் அடித்துளை வழியாக ஏறி இறங்கும். முதலில் அழுகின முட்டை வாடை குப்பென்று வரும், தண்ணீர் மையாகும். அந்த வாடை கந்தகக் கசடு கரைவதன் அடையாளம். தண்ணீரை மாற்றுங்கள். இரண்டாம் வாளி சாம்பல் நிறத்தில் இருக்கும், மூன்றாவது தெளிந்திருக்கும். கொதிநீரில் சூடேறிய குழல் எடுத்து வைத்த சில நிமிடத்தில் தானே உலரும். வெந்நீரைச் சொல்வது அதற்காகத்தான். சூடு ஆறுவதற்குள் எண்ணெய்ச் சிந்தியை விட்டுவிட வேண்டும்.

தண்ணீரில் ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே விட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீர், அதைவிட மேலாக மழைத்தண்ணீர். மூன்று வாளியும் முடியாவிட்டால் கடைசி வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

12 போரில் இவ்வளவு இல்லை. தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் குழலில் கோடுகோடாக இழுகிப் படியும், அதை வெண்கலக் கம்பி பிரஷால் எடுக்க வேண்டும். குழலுக்குள் விடத் துணிக்கொடிக் கயிறு உதவும். ஒரு முனையில் மீன் தூண்டிலின் ஈயக் குண்டு, மறுமுனையில் சிந்தி. எப்போதும் அடியிலிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள். துணி தடிப்பாகிச் சிக்கினால் முரட்டுத்தனமாக இழுத்துக் கயிற்றை அறுக்காமல், மரக்குச்சியால் வந்த வழியே தள்ளுங்கள். மரக்கட்டைக்குத் தச்சர்கள் பூசும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை வருடத்துக்கு ஒருமுறை உள்ளங்கையால் தேய்த்தால் வெயிலில் வெடிக்காது.

இனி பாலிமர் உடல் கொண்ட கைத்துப்பாக்கி. 1970-இல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் இந்த வகையை முதலில் செய்தது. 1982-இல் ஆஸ்திரியப் படை கிளாக்கை ஏற்ற பிறகு உலகமெங்கும் பரவியது. அதைச் செய்த காஸ்டன் கிளாக் அதற்கு முன் திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்தவர். உடல் நைலான் வகைப் பிளாஸ்டிக். அதற்குள் மேல்பாகம் ஓட இரும்புத் தண்டவாளங்கள் பதித்திருக்கும். 9 மி.மீ. தோட்டா இந்தியாவில் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட வகை என்பதால் பயிர்க்காவல் உரிமதாரரிடம் கிளாக் 17 இருக்காது. பந்தோபஸ்து வேலையில் இருப்பவர்களுக்கும், வெளிநாட்டில் உரிமத்தோடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் இந்தப் பகுதி.

என் அக்கா மகன் ஒருவன் அந்த வேலையில் இருக்கிறான். இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு மாதம் பைக்கிலும் ஜீப்பிலும் இந்தக் காடெல்லாம் சுற்றிவிட்டு வந்து, “மாமா, விசை முன்னமாதிரி டக்குன்னு திரும்ப மாட்டேங்குது, சோம்பலா வருது” என்றான். ஆயுதம் அவன் பொறுப்பு, நான் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவனே பிரித்தான். மேல்பாகத்தைக் கழற்றியதும் தெரிந்தது. விசைக்கும் பின்னாலிருக்கும் கம்பிக்கும் நடுவே, அரைத்த எள்ளுத் துவையல் மாதிரி ஒரு கறுப்பு விழுது. ஈர்க்குச்சியால் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் தேய்த்தான். நடுவில் கரிசல், சுற்றிலும் எண்ணெய் வட்டம், அதற்குள் மயிர்மயிராகப் பஞ்சு. துருப் பிடித்துவிடுமோ என்று தினமும் நாலு சொட்டு விட்டுக்கொண்டிருந்தானாம். எண்ணெய்தான் புழுதியைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தது.

இந்த உடலுக்குத் தண்ணீரும் சோப்பும் தீங்கில்லை. மேல்பாகம், குழல், சுருள்வில், தோட்டாப் பெட்டி எல்லாவற்றையும் தனியே எடுத்துவிடுங்கள். உடலை மட்டும் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் சோப்பு கலந்து, பல் பிரஷால் உள்ளும் புறமும் தேய்த்து, மறுதண்ணீர் விட்டு அலசுங்கள். ஆணிகளைத் தட்டிக் கழற்ற வேண்டாம். அது ஆயுதப் பணிமனைக்காரர் வேலை. உதறிவிட்டுச் சைக்கிள் பம்பால் ஒவ்வொரு துளையிலும் ஊதுங்கள். நிழலில், காற்றாடிக்குக் கீழே ஒரு மணி நேரம் வையுங்கள். பிளாஸ்டிக் உலர்ந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரியும்போது, பதித்த தண்டவாளத்தின் அடியில் ஈரம் இன்னும் இருக்கும். பம்பை இரண்டாம் முறையும் எடுங்கள். அதன்பின் நாலு தண்டவாளத்துக்கும் இறகால் ஆளுக்கு ஒரு துளி, விசைக்கம்பி பின்னால் உரசும் இடத்தில் ஒரு துளி, குழலின் மேல் எண்ணெய்த் துணியால் ஒரு தடவல். ஊசி ஓடும் துளையும் தோட்டாப் பெட்டியும் உலர்ந்தே இருக்கட்டும்.

அமெரிக்காவில் சிலர் இதைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டுவிடுகிறார்கள். அங்கிருக்கும் உறவினர் ஒருவர் என்னிடம் கேட்டதால் எழுதுகிறேன். பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் அந்தப் பொடியின் காரம் இரும்பின் மேலிருக்கும் கடைசித் துளி எண்ணெயையும் எடுத்துவிடும், வில்லும் ஆணியும் துருவேறும். கேப்பு மருந்திலிருந்தும் குண்டிலிருந்தும் வரும் ஈயம் நீங்கள் சாப்பிடும் தட்டிலும் படியும். எந்த ஊரானாலும் துப்பாக்கி வேலை சமையலறைக்குள் வரக் கூடாது.

வீட்டிலிருக்கும் மற்ற திரவங்களில் பலவும் பகை. பினாயிலைத் தொடாதீர்கள், ஃபீனால் நைலானைக் கரைக்கக்கூடியது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் நைலானையும் கெடுக்கும், இரும்பையும் தின்னும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடும் பழக்கத்தில் துப்பாக்கிக்கும் புளி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குழலின் கருநீல மெருகு போய், வெள்ளை இரும்பு வெளியே தெரிந்தது. சாம்பலும் பற்பசையும் தேய்மானம் கொடுக்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் நைலானை விட்டுவிட்டாலும், குறிபார்க்கும் வெள்ளைப் புள்ளியை அழித்துவிடும். மண்ணெண்ணெய் பழைய பிசுக்கை எடுக்க நல்லது. எடுத்தபின் உலரத் துடைத்து மெஷின் எண்ணெய் தொட்டுவைக்க வேண்டும். பெட்ரோல் கூடவே கூடாது; ஒரு தீப்பொறி போதும்.

இடுப்பில் வைத்துத் திரிபவர்கள் சித்திரை, வைகாசியில் தினமும் இரவு ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும். வியர்வை உப்பு மேல்பாகத்தின் ஓரங்களில்தான் முதலில் புள்ளி போடும். எண்ணெய் தொட்டுப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

கடைசியாகத் தேர்தல் காலம். தேதி அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 எண்ணிக்கை. கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆயுதம் யார் கையும் படாமல் நின்றிருக்கும். ஆகவே அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல், பங்குனி பிறக்கும் முன்பே முழுத் துடைப்பை முடித்து வையுங்கள். இந்த ஒரு சமயத்தில் மட்டும் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விடலாம். குழலின் உட்புறம் மெல்லிய படலமாக இருக்க வேண்டும், வாயைப் பழைய வேட்டித் துணியால் தளர்வாக மூட வேண்டும், இறுக அடைக்கக் கூடாது. ரெக்சின் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள், அதற்குள் ஈரம் தங்கும். காடாத்துணி உறை தைத்துக்கொள்ளுங்கள், செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் இரண்டை வெயிலில் காயவைத்து உள்ளே போடுங்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள்.

திரும்ப வாங்கி வந்த அன்றே வாய்த்துணியை எடுத்துவிட்டு, குழலில் நின்ற எண்ணெயை உலர்ந்த சிந்தியால் முழுவதும் இழுத்துவிட வேண்டும். ஒரு சிந்தி போதாது. நாலாவதோ ஐந்தாவதோதான் சுத்தமாக வரும். துடைத்த துணிகளை அடுப்பில் போடாமல் ஒரு பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள், ஈயப் புகை பொல்லாதது. கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு பிள்ளைகளைத் தூக்குங்கள்.